முதல்தரத் தூக்கம்

பூதலிங்கம் தூங்கி எழுந்ததற்காக எல்லோரும் கைதட்டினார்கள்.

பொருநைப் பல்கலைக்கழகத்துத் துயிலகத்தில் இது வழக்கம்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடையாளர்கள் வந்து கட்டிலில் சாய்வார்கள். முழங்கையில் துயில்வாங்கி என்றொரு பட்டையைக் கட்டி, அதில் ஒரு குப்பியையும் மாட்டிவிடுவார்கள். ஆழ்ந்து தூங்கும்போது மட்டும் ரத்தத்தில் ஒரு சாறு ஊறுகிறது, பகலெல்லாம் மூளையில் சேர்ந்த கசடை அதுதான் கழுவிவிடுகிறது என்று கண்டுபிடித்ததே இந்தப் பல்கலைக்கழகம்தான். அந்தத் துயில்சாற்றைத் தூங்குகிறவரிடம் எடுத்துத் தூங்காதவருக்கு ஏற்றினால் மறதி நிற்கும், மனச்சோர்வு விலகும், முதுமையே இரண்டெட்டு பின்வாங்கும். அப்புறம் கேட்கவா வேண்டும்! வகுப்பில் தூங்கிய பிள்ளையைத் தட்டி எழுப்பிய வாத்தியாரிடம் பெற்றோர் சண்டைக்குப் போனார்கள். "பையன் படுத்தான்னா பக்கத்துல வெடி வெடிச்சாலும் எந்திரிக்க மாட்டான்" என்று கல்யாணத் தரகர்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

பூதலிங்கத்துக்கு இந்த யோகம் கொஞ்சம் தாமதமாகத்தான் அடித்தது. அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தில் மனிதர் வாங்காத ஏச்சு இல்லை. திருத்த வேண்டிய தாளின் மேலேயே தலையைச் சாய்த்துவிடுவார். எழுந்து வரும்போது கன்னத்தில் மை அப்பியிருக்கும். தாலி கட்டிய கையோடு மணவறையிலேயே தூங்கி விழுந்த மாப்பிள்ளை என்ற பெயர் வேறு. அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது துயிலக வாசலில் பொன்னாடை போர்த்திய படம் மாட்டியிருக்கிறார்கள். முதல்தரத் தூக்கமாம். அவர் சாற்றுக்கு மதுரை வரைக்கும் கிராக்கி.

அவர் மனைவி உலகம்மாளுக்கு இதில் பெருமையும் உண்டு, கேலியும் உண்டு. "ஊருல எல்லாரும் ஓடியாடிப் பேரு வாங்குதாக. இவுக படுத்தே வாங்கிட்டாக" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கேலிதான் முதலில் நின்றது. பேசிக்கொண்டே இருப்பவள் பாதியில் வார்த்தை கிடைக்காமல் முழிப்பாள். பாலுக்குப் பதில் தயிரை அடுப்பில் ஏற்றினாள். கூடப் பிறந்த தங்கச்சி பெயரைக் கேட்டதற்கு "அதான், அவ" என்றாள். ஒருநாள் கொத்தமல்லித் தழை வாங்கப் போனவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தையல்கடைக்காரர் கைபிடித்துக் கூட்டிவந்து விட்டதும் பூதலிங்கம் அவளை நேரே துயிலகத்துக்கு அழைத்துப் போனார்.

துயிலகத்தின் தலைவி டாக்டர் ஜெபசெல்வி பரிசோதித்துவிட்டு, "துயில்வறட்சி" என்றார். தூங்காமலே இருந்து இருந்து, சாறு ஊறுகிற ஊற்றே வற்றிப்போயிருக்கிறது. வெளியிலிருந்து ஏற்றாவிட்டால் பெயர்கள் போகும், பிறகு முகங்கள் போகும்.

"முகமுன்னா? என் முகமுமா?" என்றார் பூதலிங்கம்.

டாக்டர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். "ஐயா, ஒருத்தர் சாறு எல்லாருக்கும் சேராது. அம்மாவுக்கு எது சேருதுன்னு எங்ககிட்ட இருக்கிற அத்தனையும் வச்சுப் பாத்துட்டோம். ஒண்ணே ஒண்ணுதான் சேருது. உங்களோடது. ஆனா எடுத்து வச்சா ஒரு நாளுக்கு மேல தாங்காது. நீங்க புதுசா தூங்கணும்."

பூதலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இவ்வளவுதானா? இதுக்கா இப்படிப் பயங்காட்டினீக? கட்டிலைக் காட்டுங்க!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் படுத்தார். பட்டையைக் கட்டினார்கள். கண்ணை மூடினார்.

தலைக்கு மேலே காற்றாடி கிரீச் கிரீச்சென்றது.

அந்தக் காற்றாடி எத்தனையோ நாளாக அப்படித்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவர்தான் இன்றைக்கு முதல்முறையாகக் கேட்கிறார். புரண்டு படுத்தார். தலையணை சுட்டது. நான் தூங்கினால்தான் அவள் பிழைப்பாள் என்று நினைத்தார். நினைத்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தூக்கம் என்ன நாய்க்குட்டியா, கூப்பிட்டதும் ஓடிவர? சாயங்காலம் பட்டையை அவிழ்க்கும்போது துயில்வாங்கியில் ஒரு பொட்டுச் சாறு இல்லை. யாரும் கைதட்டவில்லை.

அடுத்த நாளும் அதே கதைதான். அதற்கடுத்த நாளும். சூடாகப் பால் குடித்தார். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தார். அச்சகத்தில் எந்தத் தாளைப் பார்த்தாலே தலை சாயுமோ, அந்த மாதிரித் தாள்களைத் தேடிப்பிடித்து வாசித்தார். பாவி மனிதருக்கு அதிலே பிழைதான் கண்ணில் பட்டது. தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளவும் வழியில்லை. மாத்திரைத் தூக்கத்தில் சாறு ஊறாது.

வீட்டிலும் பொட்டுத் தூக்கம் இல்லை. முழித்துக்கிடக்கிற மனிதர் என்னதான் செய்வார்? பால் பொங்குகிற நேரத்துக்கு அடுப்படியில் நின்றார். மேல்தொட்டி நிரம்பி வழியும் முன்னே மோட்டாரை நிறுத்தினார். கதவு தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். கனடாவிலிருந்து மகன் கண்ட நேரத்தில் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தார். "அப்பாவா? நீங்களா எடுத்தீங்க? அம்மாவுக்கு என்னாச்சு?" என்று பையன் பதறிப்போனான். இந்த வீட்டில் இத்தனை வேலை தூங்காமல் கிடக்கிறது என்று பூதலிங்கத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் உலகம்மாள் தேய்ந்துகொண்டே வந்தாள். ஒரு காலை, காப்பியை நீட்டிய அவரை நிமிர்ந்து பார்த்து, "நீங்க எப்ப வந்தீக?" என்றாள். விருந்தாளியைக் கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டாள். பூதலிங்கம் அடுப்படிக்குள் போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

அன்று மதியமும் துயிலகத்துக்குப் போனார்கள். அவர் உள்ளே கட்டிலில். அவள் வெளியே பெஞ்சில். நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல். கண்ணை இறுக்கி மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார், உத்திரத்தையே முறைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வெறுத்துப்போய்ப் பட்டையைத் தானே பிய்த்தெறிந்துவிட்டு வெளியே வந்தார். டாக்டர் காலில் விழுந்தாவது வேறு வழி கேட்டுவிடுவது என்று கிளம்பியவர், பெஞ்சைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

உலகம்மாள் வாயைப் பிளந்துகொண்டு சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

"ஏட்டி!" என்று அலறப் போனார். அதற்குள் ஒரு சத்தம் கேட்டது. குறட்டை! அவருக்குத் தெரிந்து அவள் குறட்டை விட்டதே இல்லை. தெரிந்திருக்கவும் வழியில்லை, அவர் எப்போது முழித்திருந்தார்?

டாக்டர் ஜெபசெல்வி ஓடிவந்தார். இன்னொரு துயில்வாங்கியைக் கொண்டுவந்து பூப்போல அவள் கையில் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் குப்பியின் அடியில் வெளிர்மஞ்சளாக ஒரு துளி இறங்கியது. பிறகு இன்னொரு துளி. அப்புறம் நிற்கவே இல்லை. வற்றிவிட்டது என்று கைவிட்ட ஊற்று!

"எடுக்காதீங்க. அவளுக்கே இருக்கட்டும்" என்றார் பூதலிங்கம் பதறி.

"எடுக்கல ஐயா, பாக்கத்தான் செய்யுதேன்" என்ற டாக்டர், அத்தனையையும் அவள் ரத்தத்துக்கே திருப்பிவிட்டார்.

வெயில் தாழ்ந்து உலகம்மாள் கண் விழித்தாள். சோம்பல் முறித்தாள். அவரைப் பார்த்ததும், "என்னங்க இது, சவரம் பண்ணாம பஞ்சப் பராரி மாதிரி நிக்கீக? எங்க தங்கச்சி செவ்வந்தி பாத்தா சிரிப்பா" என்றாள்.

அப்பாடா! பூதலிங்கம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

"அம்மா, எப்படித் தூங்கினீங்க?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"என்னத்தச் சொல்ல. கண்ணாடி வழியாப் பாத்தேன். இவுக கொட்டக் கொட்ட முழிச்சிருந்தாக. வீட்டுலயும் இப்ப அப்படித்தான். சரி, யாரோ ஒரு ஆளு முழிச்சிருக்குல்லான்னு தோணுச்சு. செத்த கண்ண மூடுவோமேன்னு மூடினேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவுக தூங்குதாகளேன்னு நான் முழிச்சிருப்பேன். ரெண்டு பேரும் தூங்கிட்டா வீட்ட யாரு பாக்கது?"

டாக்டர் ஜெபசெல்வி அந்தக் கடைசிக் கேள்வியைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு விடுவிடுவென்று நடந்து, சாறு ஏற்றிக்கொள்ள வந்த நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்குப் போனார். பூதலிங்கமும் உலகம்மாளும் பின்னாலேயே போனார்கள்.

"உங்க வீட்டுல கேஸ மூடியாச்சா, கதவு பூட்டியாச்சான்னு எந்திரிச்சுப் பாக்கது யாரு? கையத் தூக்குங்க" என்றார் டாக்டர்.

கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. பெரும்பாலும் வளையல் கைகள். மூலையில் ஒரு தாடிக்காரரும் தூக்கினார்.

"இங்க தனியா வந்தவங்க யாரு?"

ஒருவரும் இல்லை. "எங்க வீட்டுக்காரர் எதிர்த்த ஹால்ல தூக்கம் குடுக்க வந்திருக்காக" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுலயும்தான்" என்றாள் இன்னொருத்தி. "என் சம்சாரம் முதல்தரம்" என்றார் தாடிக்காரர், பெருமையாக. ஒரே ஆட்டோவில் வந்து இறங்கி, ஒருவர் இடப்பக்கம் கொடுக்கப் போகிறார், ஒருவர் வலப்பக்கம் வாங்கப் போகிறார். இத்தனை காலமாக எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி ஒற்றுமை என்று மெச்சவும் செய்தார்கள்.

டாக்டர் எதிர்க்கூடத்துக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. பாதிப்பேர் கேள்வி கேட்டதற்கே எழவில்லை.

தன் அறைக்குத் திரும்பி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார் டாக்டர். "நாங்க என்னமோ புதுசாக் கண்டுபிடிச்சோம்னு நினைச்சோம் ஐயா. ஒருத்தர் தூக்கத்தை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்கிற வேலை வீட்டுக்கு வீடு எந்திரம் இல்லாமலே நடந்துட்டுத்தான் இருந்திருக்கு. அம்மாவுக்கு உங்க சாறு மட்டும் ஏன் சேந்துச்சுன்னு இப்பல்லா தெரியுது. அது அவங்ககிட்டேர்ந்து போன தூக்கம்தானே."

பூதலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் மாட்டியிருக்கும் படத்தை நினைத்தால் அவருக்குக் கூசியது. உலகம்மாள்தான் சிரித்தாள். "போகட்டும் டாக்டரம்மா, திருடனானாலும் உள்ளூர்த் திருடன்" என்றாள். பேசியபடியே அங்கிருந்த நீள நாற்காலியில் ஒருக்களித்துச் சாய்ந்தவள் மறுபடியும் தூங்கிப்போனாள்.

டாக்டருக்கு என்னவோ தோன்றியது. கைபேசியை எடுத்துத் தன் வீட்டுக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"வீட்டுல யாரும் இல்லையா?" என்றார் பூதலிங்கம்.

"இருக்காங்க. எங்க வீட்டுக்காரரும் முதல்தரம்தான்." சொல்லும்போதே டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் பூதலிங்கம் அவர் கண்களுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தார். இந்தம்மா தூங்கி எத்தனை காலம் ஆகிறதோ!

"டாக்டர், நீங்களும் செத்த கண்ண மூடுங்க. ஒண்ணும் முழுகிப் போகாது. நாந்தான் முழிச்சிருக்கேம்லா."

"ஐயோ, வேலை கிடக்கு ஐயா" என்றார் டாக்டர். ஆனாலும் ஒரு நிமிஷம் என்று கையை மடித்து மேசையில் தலையை வைத்தார். அவ்வளவுதான்.

அறையில் இரண்டு குறட்டைகள். பூதலிங்கம் காற்றாடியைக் கொஞ்சம் குறைத்தார். சன்னல் திரையை இழுத்து விட்டார். உலகம்மாள் முகத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேசைமேல் தொலைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"துணைவேந்தர் அலுவலகத்துலேர்ந்து பேசுறோம். சாயங்காலம் ஒரு பெரிய மனுஷர் வர்றார். முகம் கொஞ்சம் வாடித் தெரியுதாம். அவருக்கு முதல்தரத் தூக்கம் ஒரு குப்பி எடுத்து வைங்க. இருக்குல்ல?"

பூதலிங்கம் தூங்குகிற இருவரையும் பார்த்தார். "இருக்கு" என்று கிசுகிசுத்தார். "ஆனா வெளிய குடுக்கதுக்கில்ல." சத்தமில்லாமல் வைத்துவிட்டார்.

திரும்ப வந்து உட்கார்ந்தபோது அவருக்கு ஒரு பெரிய கொட்டாவி வந்தது. மனதில் பாரம் இறங்கியதும், இத்தனை நாள் எங்கேயோ போயிருந்த தூக்கம் மொத்தமாகத் திரும்பி வந்து இமையில் உட்கார்ந்தது. பூதலிங்கம் தொடையை அழுத்திக் கிள்ளிக்கொண்டு எழுந்து நின்றார்.