வேங்கை மரத்து நிலை

வாசல் நிலைக்காலில் சிவப்பாக ஒரு துளி கசிந்திருந்தது. இந்துமதி வெளியே நின்று துணியால் துடைத்தாள். மீண்டும் கசிந்தது. மரத்தில் ஒட்டியபடி மெல்ல நகர்ந்தது. மேல்நோக்கி.

கரண்ட் போன மதியம். பக்கத்து பனியன் கம்பெனியின் இரைச்சல் அடங்கியதில், புது வீட்டின் பெயின்ட் வாசனைக்கு அடியிலிருந்து, வெயிலில் காய்ந்த பாறையும் சருகும் எங்கோ யானை போட்ட லத்தியும் கலந்த மலை வாடை எழுந்து வந்தது. உள்ளே சேலைத் தொட்டிலில் ரித்தீஷ் தூங்கிக்கொண்டிருந்தான். இப்போதுதான் தவழத் தொடங்கிய மகன்.

தச்சர் ஆரோக்கியராஜை போனில் அழைத்தாள்.

“ஏனுங்க, நிலையில செவப்பா என்னமோ வடியுதுங்க.”

“அது வேங்கை மரம்லா அக்கா. ஆனமலைச் சரிவுல பாறைக்கு நடுவுல நின்ன மரம். பால் கசியத்தான் செய்யும்.”

“மேல வடியுதுங்க.”

அவர் சிரித்தார். “வெயில்ல நிக்காதீங்கக்கா.”

“நெசமாத்தானுங்க.”

சிரிப்பு நின்றது. “அந்த நிலைக்கால நட்டது யாரு?”

“நீங்க வர்றதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சுருமுன்னு கொத்தனாரே நிறுத்திட்டாருங்க.”

“வேர்ப்பக்கம் கீழ வரணும்னு உளியால கொத்தி வச்சிருந்தேனே. அந்தக் குறி எங்க இருக்கு?”

பூசிய மஞ்சளுக்கு அடியில் தேடினாள். நிமிர்ந்தாள். மேல்சட்டத்தை ஒட்டி இருந்தது.

“மேல இருக்குதுங்க.”

“பிள்ள எங்கக்கா?”

“உள்ள.”

“தூக்கிட்டு வெளிய வாங்க. வேர் எந்தப் பக்கமோ, மரத்துக்கு அதான் தரை.”

கதவு சாத்திக்கொண்டது. காற்றே இல்லை. தள்ளினாள். ஊறிப் பருத்து நிலையோடு இறுகியிருந்தது. உள்ளே சருகு நொறுங்கும் ஓசை. நின்றது. மறுபடி.

சன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பற்றினாள்.

தரை வெறுமை. தொட்டில் தொங்கவில்லை. சேலை கூரையில் சுருண்டு கிடந்தது.

“ரித்தீசு... கண்ணு...”

மேலிருந்து சிரிப்புச் சத்தம்.

கூரை முழுக்கச் சருகு. பாறை. அதன்மேல் தலைகீழாக அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். மின்விசிறிக்கு அப்பால் சுவர் இல்லை. வேங்கை மரங்கள். நுனிகள் கீழே தொங்க, கண்ணுக்கெட்டிய வரை, சரிவு சரிவாக.

ரித்தீஷ் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு, மரங்களுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டதுபோல், எழுந்து நின்றான்.

நடந்தான்.