பத்தாவது பாத்திரம்

வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்கள் போன பிறகு எண்ணினால் பாத்திரங்கள் பத்து இருந்தன.

வான்மதி இரண்டாம் முறையும் எண்ணினாள். புது டாக்டர் குடும்பம் வந்து இறங்கிய மறுநாளே, ஆல்டர்டன் என்ற அந்தச் சின்ன ஊரின் சர்ச் பெண்கள் ஒன்பது பேர் பூட்ஸ் பனியை வாசலில் உதறிவிட்டு வரிசையாக உள்ளே வந்து, சமையலறை மேடையில் ஆளுக்கொரு பாத்திரத்தை வைத்துவிட்டு, பிரிக்காத அட்டைப்பெட்டிகளைப் பார்த்து உச்சுக்கொட்டி, மகள் யாமினியின் கண்களைப் பாராட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாம் கண்ணாடியும் அலுமினியமும். ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டி யாருடையது என்று பெயர் எழுதியிருந்தது. பத்தாவது மட்டும் நீல விளிம்பு வைத்த பழைய எனாமல் பாத்திரம். ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்து கறுத்திருந்தது. மூடியிருந்த துணியை விலக்கினால், திராட்சை போட்டுக் குழைய வேகவைத்த பால் சாதம். மற்ற ஒன்பதும் வரும் வழியிலேயே ஆறிப்போயிருக்க, இதில் மட்டும் ஆவி பறந்தது. கூடவே லேசாக ஒரு வாசனை, தீபாவளி அன்று பட்டாசு வெடித்து முடித்த தெருவில் இருக்குமே, அது.

அடியில் டேப்புக்குப் பதில் ஒரு துணிப்பட்டை. மங்கிய மையில் மிஸஸ் ஆல்மா டோர்சன் என்று எழுதியிருந்தது.

அன்று யாமினி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். அது சாதாரண விஷயம் இல்லை. ஐந்து வயதுப் பெண்ணுக்கு எடை போதவில்லை என்று நியூ ஜெர்சியில் குழந்தைகள் டாக்டர் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. வாயில் வாங்கியதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அதனால் ஒவ்வொரு வாய்க்கும் வான்மதி “ஆ காட்டு” என்பாள். உள்நாக்கு வரை திறந்து காட்டினால்தான் அடுத்த வாய். அங்கே மான்மவுத் ஜங்ஷனில் இருந்தபோது மாடிவீட்டு ஷ்யாமளா ஆன்ட்டிகூட இந்த ‘ஆ’வைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

“நீ செஞ்சா தொட மாட்டேங்கறா. வெள்ளக்காரம்மா செஞ்சா கிண்ணத்தை வழிச்சுத் திங்கறா,” என்றான் அவள் கணவன் நெடுஞ்செழியன்.

“திங்கட்டுங்க. யாரு செஞ்சா என்ன.”

அவளுக்கு உண்மையிலேயே நிறைவாக இருந்தது. இந்த ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தால்தான் நெடுஞ்செழியனின் விசா சிக்கல் தீரும், அப்புறம்தான் கிரீன் கார்டு. அயோவாவில் டாக்டர் கிடைக்காத கவுண்டியாக, நம்மூர் மாவட்டம் மாதிரி, ஒன்றைத் தேடிப்பிடித்து வந்திருந்தார்கள். கவுண்டிக்கே தலைநகரம் என்று ஊருக்குப் பெயர் மட்டும் பெரிது. சதுக்கத்தின் நடுவில் கடிகாரக் கோபுரம் வைத்த கோர்ட்டு, அதற்கு முன்னால் துப்பாக்கியோடு ஒரு கல் சிப்பாய், சுற்றிலும் வங்கி, மருந்துக்கடை, தையல் கடை, தெருக்கோடியில் மக்காச்சோளக் கிடங்கு. ஈரோடு பஸ் ஸ்டாண்டில் மத்தியானம் நிற்கிற ஜனம் இந்த ஊரில் மொத்தமாகவே கிடையாது. தினமும் பன்னிரண்டு மணிக்குத் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதும், ஊரே சாப்பிட உட்காரும். டாக்டருக்கென்று ஊர் ஒதுக்கியிருந்த வீடு நூறு வருடத்துக்கு மேல் பழையது.

ஒன்பது பாத்திரங்களையும் கழுவி, ஒவ்வொன்றிலும் முறுக்கோ தேங்காய் பர்ஃபியோ வைத்து வான்மதி திருப்பிக் கொடுத்தாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவது அவள் வீட்டில் கிடையாது. வேறு ஒன்றும் இல்லையென்றால் ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட வேண்டும். பத்தாவதுக்கு உரிய டோர்சன் மட்டும் டெலிபோன் புத்தகத்தில் இல்லை. அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான எதிர்வீட்டு டோரிஸைக் கேட்கலாம் என்றால், சர்ச் சமையலறையையே நிர்வாகம் பண்ணும் அந்தம்மா குளிருக்குப் பயந்து தங்கையைப் பார்க்க அரிசோனா போய்விட்டாள். ஆள் தெரியாத பாத்திரங்களை வைக்க சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஓர் அலமாரி உண்டு என்று போகும்போது சொல்லியிருந்தாள். வான்மதி ரவா கேசரி கிளறி, நிறைய முந்திரி போட்டு, ‘மிக்க நன்றி’ என்று சீட்டெழுதி அங்கே வைத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் பாத்திரம் வாசல்படியில் இருந்தது. பளபளவென்று கழுவி, உள்ளே ரொட்டியும் பாலும் முட்டையும் சேர்த்த ஏதோ ஒரு இனிப்பு. சுடச்சுட. ராத்திரி பெய்த பனி முற்றம் முழுக்க முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதில் ஒரு காலடிகூட இல்லை.

காற்று தடத்தை மூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் அப்பா ஈரோட்டில் மேடை போட்டு பேய் பிசாசெல்லாம் புரட்டு என்று பேசியவர். செத்தவர்களுக்கு ஒருநாளும் படையல் வைக்காத வீடு. எலுமிச்சை சாதம் போட்டுத் திருப்பி வைத்தாள். பாத்திரம் மறுபடி வந்தது. இப்படியே ஆறு வாரம் போயிற்று.

அதற்குள் யாமினி வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

கிண்டர்கார்டன் அரைநாள்தான். இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளியிலிருந்து பன்னிரண்டு மணிச் சங்குக்கு மற்ற பிள்ளைகளோடு நடந்து வருவாள். தட்டில் தயிர்சாதம் பிசைந்து வைத்தால் தள்ளிவிடுவாள்.

“ஐம் ஃபுல், அம்மா.”

“ஸ்கூல்ல என்னடா குடுத்தாங்க?”

“நாட் ஸ்கூல். அந்த லேடி.”

“எந்த லேடி?”

“த ஒன் வித் த கிட்ஸ்,” என்று யாமினி ஜன்னல் பக்கம் பார்த்தாள். “தே டோன்ட் டாக் மச். தேர் த்ரோட்ஸ் ஹர்ட்.”

ஆ காட்டு என்றாள் வான்மதி. யாமினி காட்டினாள். நாக்கு சுத்தமாக இருந்தது. உள்ளே, வெகு உள்ளே, தொண்டையின் ஒரு ஓரத்தில், பாலாடை ஒட்டினாற்போல் ஒரு சின்ன வெள்ளை. மூச்சில் அந்தப் பட்டாசு வாசனை இருந்தது.

நெடுஞ்செழியன் டார்ச் அடித்துப் பார்த்தான். “ஏதோ இன்ஃபெக்ஷன். தொண்டையில ஸ்வாப் எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கேன், ரிசல்ட் வரட்டும். பயப்படாதே. எல்லா தடுப்பூசியும் போட்டிருக்கோம்.”

“வெயிட் பாத்தீங்களா? சாப்பிடாம ரெண்டு பவுண்டு ஏறியிருக்கு.”

அவன் மறுபடி டார்ச்சை எடுத்தான். அவனுடைய முகத்தில் டாக்டர் போய் அப்பா தெரிந்தது.

டோரிஸ் ஊர் திரும்பிய வியாழக்கிழமை, கோர்ட்டின் தரைத்தளத்தில் அவள் பொறுப்பில் இருந்த ஊர் வரலாற்று அறைக்கே வான்மதி போனாள். பழைய கலப்பைகள், கல்யாண கவுன்கள், பைண்டு செய்த செய்தித்தாள்கள். தலைக்கு மேல் கடிகாரத்தின் இயந்திரம் ஓடுவது சுவர் வழியாகக் கேட்டது. ஆல்மா டோர்சன் யார் என்று கேட்டதும் டோரிஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“அன்றைக்கு நான் எண்ணினேன். நான் இருக்கும்வரை ஒன்பதுதான் இருந்தது,” என்றாள். பிறகு கவுண்டி வரலாற்றுப் புத்தகத்தைத் திருப்பி ஒரு பக்கத்தை நீட்டினாள்.

1911 குளிர்காலம். தொண்டை அடைப்பான் நோய். தொண்டையில் வெள்ளைத் தோல் படர்ந்து மூச்சை அடைத்துவிடும். நோய் கண்ட வீட்டுக் கதவில் மஞ்சள் காகிதம் ஒட்டிவிடுவார்கள். யாரும் உள்ளே போகக் கூடாது, வெளியே வரக் கூடாது. அக்கம்பக்கத்தார் சாப்பாட்டைப் பாத்திரத்தில் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். ஆல்மாவின் நான்கு பிள்ளைகளும் ஒரே வாரத்தில் போனார்கள். வீட்டுக்குள் கந்தகம் எரித்துப் புகை போட்டார்கள். அப்புறம் அவள் அந்தப் பாத்திரங்களையெல்லாம் கழுவி எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்க வீடு வீடாகப் போனாள்.

“ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. எங்கள் குடும்பமும்தான். அவள் தட்டிய முதல் கதவு டாக்டருடையது. உங்கள் வீட்டுக் கதவு. மறுநாள் அந்தப் படியில் விறைத்துக் கிடந்தாள்.” டோரிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “புது டாக்டர் வந்தால் அந்தப் பாத்திரம் ஒரு தடவை வரும். தொடாமல் கொட்டி, கழுவி, வெறுமையாக அலமாரியில் வைத்துவிடுவோம். போய்விடும். நீ அதில் எதுவும் போட்டுக் கொடுக்கவில்லையே?”

“பன்னிரண்டு தடவை,” என்றாள் வான்மதி.

டோரிஸ் புத்தகத்தை மூடினாள். மேலே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“இதுவரை அவளுக்கு யாருமே பதிலுக்குக் கொடுத்ததில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வெறுமையாக வைத்துப் பார்.”

வெள்ளிக்கிழமை காலை, யாமினி பள்ளியில் இருந்த நேரம், வான்மதி மறுபடி வந்திருந்த பாத்திரத்தில் இருந்ததைக் குப்பையில் கொட்டினாள். வெந்நீர் விட்டுத் தேய்த்தாள். துடைத்தாள். ஆறு வாரமாகப் பிள்ளைக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று தெரியாமல் கேசரி கிளறி அனுப்பிய தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கைகள் தாமாக வேலை செய்ய, மனம் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றது. துணியால் மூடி, காரில் வைத்து, சர்ச்சின் கீழ்த்தளத்துக்குப் போய் அலமாரியில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் வந்தாள். முடிந்தது என்று சொல்லிக்கொண்டாள். சாதம் வைத்து, பருப்பு வேகவிட வேண்டும். இன்று யாமினிக்குப் பசிக்கும்.

சமையலறைக்குள் வந்தவள் நின்றாள்.

மேடையில் சர்க்கரை டப்பா திறந்திருந்தது. பக்கத்தில் மூடி. ஸ்பூன். ஸ்பூனில் நாலு மணி சர்க்கரை.

அவள் காலையில் காபி குடிக்கவில்லை. நெடுஞ்செழியன் சர்க்கரை போட்டுக்கொள்வதே இல்லை. பாத்திரத்தைத் துடைத்தது ஞாபகம் இருந்தது. துணியால் மூடியது ஞாபகம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் தன் வலது கை என்ன செய்தது என்பது ஞாபகம் இல்லை.

பதினொன்று ஐம்பத்தைந்து.

சர்ச்சுக்கு ஓட்டினாள். படிகளில் இறங்கினாள். அலமாரி. மேல் தட்டு. கீழ்த் தட்டு. இல்லை. பாத்திரம் இருந்த இடத்தில் வட்டமாக ஈரம். கந்தக வாசனை.

சங்கு ஊதியது.

பள்ளி வாசலில் டீச்சர் மட்டும் நின்றிருந்தாள். யாமினி இப்போதுதான் போனாள் என்றாள், உங்கள் வீட்டுப் பக்கம்தான், மற்ற பிள்ளைகளோடு. எந்தப் பிள்ளைகள் என்று வான்மதி கேட்கவில்லை. நடைபாதைப் பனியில் தெரிந்தது. யாமினியின் பூட்ஸ் தடம், குதிகாலில் நட்சத்திரம் போட்டது. அதற்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. வெறுங்கால்கள். சின்னக் கால்கள். விரல்கள் தனித்தனியாக.

ஓடினாள். வழுக்கி விழுந்தாள். எழுந்து ஓடினாள்.

தடம் அவள் வீட்டுப் படியேறி முடிந்தது. கதவு சாத்தியிருந்தது. பூட்டாமல் விட்டுப்போன கதவு இப்போது தள்ளினால் அசையவில்லை. அதில் மஞ்சளாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை.

படியில் பாத்திரம். துணி மடித்து வைத்திருந்தது. சர்க்கரையை ஒரு மணிகூட விடாமல் நக்கியிருந்தார்கள்.

“யாமினி.”

உள்ளே ஸ்பூன்கள் தட்டில் படும் சத்தம் நின்றது.

தெருவுக்கு எதிரே டோரிஸின் வீட்டு ஜன்னலில் திரை விலகியது. வான்மதி கையை ஆட்டினாள். கதவைக் காட்டினாள். திரை மூடிக்கொண்டது.

சாப்பாட்டு அறை ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடி உள்பக்கம் வியர்த்திருந்தது. மேஜை தெரிந்தது. அதன் தலைப்பக்கம் ஒரு வெள்ளை ஏப்ரன், அதற்கு மேல் வெறும் நிழல், நிழலிலிருந்து நீண்ட கையில் ஒரு மரக்கரண்டி. இந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள், அந்தப் பக்கம் இரண்டு. நடுவில் யாமினியின் ரோஸ் கலர் ஜாக்கெட்.

யாமினி நாற்காலியை விட்டு இறங்கி வந்தாள். ஜன்னலில் கை வைத்தாள். அவளோடு மற்ற நால்வரும் வந்து கை வைத்தார்கள். வான்மதி கண்ணாடியை அடித்தாள். உடையவில்லை. கூப்பிட்டாள். மறுபடி அடித்தாள்.

அம்மா எப்போதும் என்ன கேட்பாள் என்று யாமினிக்குத் தெரியும். கேட்காமலே வாயை அகலத் திறந்தாள். ஆ. நாக்குக்குப் பின்னால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, இடைவெளி இல்லாமல், வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

அவளைப் பார்த்து மற்ற நான்கு பிள்ளைகளும் வாயைத் திறந்து காட்டினார்கள்.