தைத்து வைத்த எட்டுப் பக்கங்கள்

கண்ணுசாமி அலறியிருக்க வேண்டும்.

ஆனால் யாருக்கும் கேட்கவில்லை!

எட்டு விசைத்தறிகள் ஓடும் பட்டறையில் இடி விழுந்தாலே கேட்காது. அறுபது வயது மனிதர் ஒருவரின் கடைசி அலறல் எம்மாத்திரம்?

ஜலகண்டாபுரம். காலை மணி பதினொன்றரை.

நூல் ரூமுக்குள் போன சிவபிரகாஷ், போன வேகத்தில் வெளியே வந்தான். முதலாளி கண்ணுசாமியின் தங்கை மகன். வாயைத் திறந்து கத்தினான். தறிச் சத்தம் அதை அப்படியே விழுங்கியது.

ஓடினான். மெயின் ஸ்விட்சை இறக்கினான்.

எட்டுத் தறியும் ஒரே நொடியில் அடங்கின.

அதற்குப் பிறகுதான் அந்த அலறல் ஊருக்குக் கேட்டது.

"மாமா...! எங்க மாமாவக் கொன்னுபோட்டாங்க...!"

* * *

இன்ஸ்பெக்டர் அறிவுச்செல்வி குனிந்து பார்த்தார்.

நூல் மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார் கண்ணுசாமி. நெற்றிப் பொட்டில் ஒரே அடி. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த ஒரு தறி நாடா. ஒரு முழ நீளத்துக்கு மரக்கட்டை, இரண்டு முனையிலும் கூரான இரும்பு. தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்து நூலைக் கோக்கிற சாமான்.

அவருடைய வலது கையில் மூடி திறந்த பேனா.

"பேனா இருக்கு... பேப்பர் எங்க ஏட்டு?"

"தேடிட்டேன் மேடம். ரூம்ல ஒரு துண்டுப் பேப்பர் கூட இல்ல."

"கடைசியா யார்கிட்ட பேசியிருக்கார்?"

"சேலத்து நூல் கடைக்காரர்கிட்ட. சரியா பதினோரு மணிக்கு. நல்லா சிரிச்சுத்தான் பேசினாராம்."

"பதினொண்ணுக்கு சிரிப்பு. பதினொண்ணரைக்கு பொணம்." அறிவுச்செல்வி நிமிர்ந்தார். "அந்த அரை மணி நேரத்துல உள்ள யார் யார் இருந்தாங்க?"

"ரெண்டே பேரு. கதிர்னு ஒரு பையன். உஷாராணின்னு ஒரு அம்மா. ஆளுக்கு நாலு தறி."

"அவன்தானுங்க!" சிவபிரகாஷ் பாய்ந்தான். "போன வாரம் மாமா சட்டையப் புடிச்சவன் இவன்தானுங்க! கேளுங்க மேடம்!"

கதிர் தறியோரம் நின்றான். இருபத்தெட்டு வயது. தலைமுடி, புருவம், மூக்கு நுனி... எல்லாவற்றிலும் பஞ்சுத் தூசி.

"சட்டையப் புடிச்சியா?"

"புடிச்சனுங்க."

"ஏன்?"

"எம் பொண்டாட்டி வெண்ணிலாவும் இங்கதானுங்க தறி ஓட்டுனா. மூணு மாசம் முன்னால நாடா பறந்து வந்து அவ எடது கண்ணுல அடிச்சுப்போட்டுது. கண்ணு போயிருச்சுங்க. நாடா பறக்காம இருக்க ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். வேலை சுணங்குதுன்னு முதலாளி அதக் கழட்டி வெச்சுட்டாரு. ஏன் கழட்டுனீங்கன்னு கேட்டேன். சட்டையப் புடிச்சுத்தான் கேட்டேன். ஆனா... கொல்லலைங்க மேடம்!"

"கண்ணை எடுத்த அதே நாடாவால அடிச்சிருக்க. கணக்கு நேரா இருக்கே!"

"ஐயோ சாமி... நானில்லைங்க! ஊட்டுல ஒத்தக் கண்ணோட அவ... ஒன்றரை வயசுப் புள்ள... என்னையக் கூட்டிட்டுப் போயிட்டா அதுங்க ரெண்டும் நாளைக்கு என்னத்தத் திங்கும்?"

"வண்டில ஏத்துங்க ஏட்டு."

"நில்லுங்க மேடம்!"

குரல் வந்த திசையில் எல்லோரும் திரும்பினார்கள்.

உஷாராணி. நாற்பத்து மூன்று வயது. அதில் இருபத்தாறு வருடம் தறியோடு போனது. இடது கையில் அட்டை இல்லாத ஒரு பழைய புத்தகம்.

"என்னம்மா அது?"

"கொலக் கதைங்க."

"வேலை நேரத்துலயா?"

"நாடாவுக்குள்ள சொருகற ஒரு தார் நூல் தீர அஞ்சு நிமிசம் ஆவுமுங்க. அஞ்சு நிமிசத்துல ஒன்றரைப் பக்கம் படிச்சுப்போடலாம். இந்தச் சத்தத்துல மனுசரோட பேச முடியாதுங்க. புக்கோடதான் பேச முடியும்."

மற்றவர்களுக்கு டிவி. இவளுக்குக் கொலை.

சேலத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்து வருவாள். பாதிக்கு அட்டை இருக்காது. பேர் தெரியாது. அதனால் என்ன? பன்னிரண்டு மணி நேரம் நின்று மரத்த காலோடு, எங்கோ ஒரு பங்களாவில் எவனோ ஒரு பணக்காரன் குத்துப்பட்டுக் கிடப்பதைப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. நூறு பக்கத்துக்கு எல்லோரையும் சந்தேகப்படலாம். வக்கீல், டாக்டர், ஜமீன்தார்... ஒருத்தரையும் விட வேண்டியதில்லை. கடைசியில் ஒருத்தன் கட்டாயம் மாட்டுவான்.

நிஜத்தில் அப்படியா மாட்டுகிறார்கள்?

"என்ன இது? கடைசிப் பக்கமெல்லாம் தச்சிருக்கு?" அறிவுச்செல்வி எட்டிப் பார்த்தார்.

கதிர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்தினான். கைது ஆகப் போகிறவன் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று.

"புக்கு வந்த அன்னைக்கே கடைசி எட்டுப் பக்கத்தச் செவப்பு நூல்ல தெச்சுருவோமுங்க. முடிச்சு நாந்தான் போடுவேன். மீதிய மாத்தி மாத்திப் படிச்சு, கொலகாரன் யாருன்னு அந்தத் தூணுல எழுதிப்போடுவோம். அப்புறம் எல்லாரும் சேந்து உக்காந்துதான் தையலப் பிரிக்கோணும். தோத்தவங்க போண்டா வாங்கித் தரோணும். வெண்ணிலா இருந்தப்ப அவளேதான் எப்பவும் ஜெயிப்பா."

தூணில் சாக்பீஸ் எழுத்து. 'உஷாக்கா – தங்கச்சி. கதிர் – டாக்டர்.'

"இன்னைக்கு ஒரு மணிக்குப் பிரிக்கறதா இருந்துதுங்க..."

"ரொம்ப அவசியம்!" அறிவுச்செல்வி உறுமினார். "உஷாராணி, எதுக்கு நிக்கச் சொன்னீங்க? இவன் இங்கயே இருந்ததை உங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாக்கலைங்க. அவன் தறி என் முதுகுப் பக்கம் இருக்குது."

"காதால கேட்டீங்களா?"

"இந்தச் சத்தத்துல என்னத்தக் கேக்கறது?"

"அப்புறம்?"

"நான் பாக்கல. ஆனா துணி பாத்திருக்குமுங்க."

"துணியா...?"

"தறி கொஞ்ச நேரம் நின்னு மறுபடியும் ஓடுனா, துணியில குறுக்கால ஒரு மெல்லிசுக் கோடு உழுகும். எந்தக் கொம்பனாலயும் அத மறைக்க முடியாது. இன்னைக்குக் கரண்ட் போயி சரியா பத்தரைக்குத் திரும்ப வந்துது. எட்டுத் துணியிலயும் அந்தக் கோடு இருக்கும். அதுல இருந்து அளந்தாப் போதுமுங்க. இருவது நிமிசத்துக்கு ஒரு மீட்டர்."

அறிவுச்செல்வியின் புருவம் உயர்ந்தது.

"பதினோரு மணின்னா... ஒன்றரை மீட்டர். பதினொண்ணரைன்னா மூணு மீட்டர்."

"அதேதானுங்க! தார் தீந்தா தறி தானா நின்னுக்கும். ஆளு இருந்து மாத்தி உட்டாத்தான் ஓடும். ஒடனே மாத்தி உட்டா கோடு உழுகாது. ஒரு தறியில கோடு இருந்தா நூல் அறுந்துது, முடிஞ்சு உட்டோம்னு அர்த்தம். நாலு தறியிலயும் ஒரே எடத்துல கோடு இருந்தா..."

"அந்த நேரத்துல ஆளு அங்க இல்ல!"

"அவ்வளவுதானுங்க."

கதிர் தன் நாலு தறிகளையும் திரும்பிப் பார்த்தான்.

"ஏட்டு... டேப் கொண்டாங்க!"

* * *

முதல் தறியின் துணியை உருவினார்கள். வெள்ளை வேட்டித் துணி. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்கள்.

பத்தரை மணிக் கோடு கிடைத்தது. டேப் நகர்ந்தது. ஒரு மீட்டர்... ஒன்றரை... இரண்டு...

"ஒண்ணு இருக்கு மேடம்! ரெண்டு மீட்டர் பத்துல!"

கதிரின் முகம் வெளுத்தது.

"அடுத்தது!"

இரண்டாவது தறி. துணி சுத்தம். ஒரு கோடும் இல்லை.

மூன்றாவது. இரண்டு முக்காலில் ஒன்று.

நான்காவது... ஏட்டு மெதுவாக உருவினார். மிக மெதுவாக.

"சுத்தம் மேடம்! நாலும் கிட்டத்தட்ட மூணு மீட்டர் ஓடியிருக்கு. பையன் தறியை விட்டு நகரவே இல்ல!"

கதிர் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பினான்.

"யக்கா... எங் குடும்பத்தையே காப்பாத்திப்போட்டீங்க யக்கா...!"

உஷாராணி அவன் தலையில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். "எந்திரிடா. ஆம்பளப் பையன் மூக்க ஒழுக்கிட்டு."

இன்ஸ்பெக்டரின் பார்வை சிவபிரகாஷ் பக்கம் திரும்பியது. "தம்பி எங்க இருந்தீங்க?"

"டீக்கடைலங்க! பதினொண்ணு அஞ்சுல இருந்து! கேமரா இருக்குதுங்க! மூணு போண்டா தின்னேன், அதும் அதுல இருக்கும்!"

"பாப்போம்." அறிவுச்செல்வி டேப்பை நீட்டினார். "மிச்ச நாலையும் அளங்க ஏட்டு."

"எதுக்கு மேடம்? வழியச் சொன்னதே அந்தம்மாதான்..."

"பாதிய அளந்துட்டுப் போனா கோர்ட்ல சிரிப்பாங்கய்யா. அளங்க."

உஷாராணி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது தறி.

"ஒண்ணு அறுபதுல கோடு மேடம்."

ஆறாவது.

"ஒண்ணு எழுபது..."

ஏழாவது.

ஏட்டு டேப்பை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். "ஒண்ணு அறுபத்தஞ்சு..."

எட்டாவதைச் சொல்லவே இல்லை. விரலால் தொட்டுக் காட்டினார். நான்கு கோடுகளும் ஒரு சாணுக்குள்! மொத்தத் துணியும் இரண்டரை மீட்டர்தான்.

"அரை மீட்டர் கம்மி..." அறிவுச்செல்வி நிதானமாகத் திரும்பினார். "பத்து நிமிஷம். பதினொண்ணு மூணு வாக்குல இருந்து பத்து நிமிஷம் உங்க தறி நாலும் நின்னிருக்கு. எங்க போயிருந்தீங்க உஷாராணி?"



உஷாராணி சிரித்தாள்!

"எங்கயும் போகலைங்க. திட்டாதீங்க மேடம்... படிச்சுட்டு இருந்தேன்."

"பத்து நிமிஷமா? நாலு தறி நின்னது கூடத் தெரியாமயா?"

"கடைசி அத்தியாயமுங்க! கதவத் தட்டறான்... உள்ள அந்தப் புள்ள தனியா நிக்குது... கொலகாரன் மொகம் தெரியப் போவுது... அந்த நேரத்துல தறியாவது ஒண்ணாவது! தல நிமுந்து பாக்கறேன், நாலும் நிக்குது!"

அறிவுச்செல்வியின் முகம் மெல்ல இளகியது.

"சரிதான். போன மாசம் நான் கூட அப்படித்தான். ரெண்டு லிட்டர் பால் பொங்கி அடுப்பே அணைஞ்சுபோச்சு. எங்க வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்காட்டறார்."

ஏட்டு சிரித்தார். டேப்பைச் சுருட்டினார்.

உஷாராணி மூச்சு விட்டாள்.

"யக்கா...!"

கதிர். எழுந்து நின்றிருந்தான். குரலில் ஒரு கோபம். குழந்தைத்தனமான கோபம்.

"என்னடா?"

"பிரிச்சுட்டீங்களா?"

உஷாராணி புத்தகத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஒரு மணிக்குத்தான யக்கா பேசி வெச்சது? நேத்துப் பொழுதோடயே ரெண்டு பேரும் தையல் வரைக்கும் படிச்சு முடிச்சாச்சு. இன்னைக்குப் படிக்க அந்த எட்டுப் பக்கந்தான மிச்சம்? நானில்லாம எப்படிக்கா பிரிச்சீங்க? இது நாயமா?"

 

அறிவுச்செல்வியின் கை நீண்டது.

"புக்கைக் குடுங்க."

"மேடம்..."

"குடுங்க!"

புரட்டினார். கடைசி எட்டுப் பக்கம். சிவப்பு நூல். கதிர் போட்ட முடிச்சு... போட்டது போட்டபடி!

"அட, பிரிக்கல!" கதிர் சந்தோஷமாகக் கூவினான்.

ஒரே ஒரு நொடிதான் அந்தச் சந்தோஷம்.

அடுத்த நொடி அவன் முகம் வெளிறியது. தையல் பிரியவில்லை என்றால், பத்து நிமிஷமாய் அக்கா படித்தது எதை?

"யக்கா...?"

உஷாராணி ரவிக்கைக்குள் கை விட்டாள். நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஓரத்தில் ஒரு சிவப்புத் துளி.

"நீங்க தேடுன பேப்பர் மேடம்."

அறிவுச்செல்வி பிரித்துப் படித்தார். 'வேலை நேரத்தில் வெண்ணிலா கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்ததால்தான் நாடா பட்டது. நான் நேரில் பார்த்தேன்.' கீழே கையெழுத்துப் போட இடம்.

"நாளைக்கு லேபர் ஆபீஸ்ல விசாரணைங்க. சாட்சிக்கு நான். போடுன்னு பேனாவ நீட்டுனாரு. பொய்யிங்க மேடம்! அன்னைக்கு அவ கையில புக்கே இல்ல. எங்கிட்டத்தான் இருந்துது. மாட்டேன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"'புக்கக் குடுத்து அவளக் கெடுத்தது நீதான? அவ கண்ணப் புடுங்குனதும் நீதான்டி'ன்னாரு. சொல்லிப்போட்டுச் சிரிச்சாரு. ரிப்பேருக்கு வெச்ச நாடா மூட்டை மேல கெடந்துது..."

அறிவுச்செல்வி காகிதத்தை மடித்து வைத்தார். 

"வாயை மூடிட்டு இருந்திருந்தா இந்தப் பையன் உள்ள போயிருப்பான். நீங்க தப்பிச்சிருப்பீங்க."

"ஒரு கண்ணு போன புள்ளைக்குப் புருசனும் போகோணுமாங்க?"

"துணியை அளந்தா உங்க துணியும் பேசும்னு தெரியாதா?"

"தெரியுமுங்க. புக்கு காப்பாத்திப்போடும்னு நெனச்சேன்." வறண்ட சிரிப்பு. "எல்லாக் கதையிலயும் கொலகாரன் கடைசில ஒரு கிறுக்குத்தனம் பண்ணுவானுங்க. இப்புடியும் ஒரு மடையன் இருப்பானான்னு நாங்க மூணு பேரும் உழுந்து உழுந்து சிரிப்போம்."

* * *

ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. கதிர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நான் வாயத் தொறந்திருக்கக் கூடாதுக்கா..."

"உட்றா. நானா இருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பேன். நாளைக்கு லேபர் ஆபீசுக்கு வெண்ணிலாவக் கூட்டிட்டுப் போ. அந்தப் பேப்பர் போலீஸ்கிட்ட இருக்குதுன்னு சொல்லு."

பிறகு முன்சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"மேடம்... ஒரே ஒரு உதவிங்க. அந்தப் புக்க மட்டும் குடுத்துருங்களேன். எட்டே பக்கம். போற வழியில முடிச்சுப்போடுவேன்."

அறிவுச்செல்வி புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

"முடியாதும்மா. இந்தத் தையல்தான் எவிடென்ஸே. இனிமே ஜட்ஜ் முன்னாலதான் பிரிக்க முடியும்."

உஷாராணி பெருமூச்சு விட்டாள்.

"அப்பக் கேஸைச் சீக்கிரம் நடத்தச் சொல்லுங்க மேடம்... கொலகாரன் யாருன்னே தெரியாம எத்தன வருசத்துக்கு நான் உள்ள உக்காந்திருக்கறது!"