நிரம்பாத ரேடியேற்றர்

1938ஆம் ஆண்டு வைகாசி. இரண்டு நாள் வலி எடுத்தும் என் மகள் இராசமலருக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மருத்துவிச்சி கைவிரித்ததும், புகையிலை ஏற்றும் எங்கள் பழைய லொறியில் பாய் விரித்து அவளைக் கிடத்தி, தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குப் புறப்பட்டோம். முகப்பில் என் தகப்பனாரின் பெயர் எழுதிய லொறி அது. வழியில் நின்றதென்று ஒருவரும் சொன்னதில்லை.

சுன்னாகம் கடந்ததும், உச்சி வெயிலில், எஞ்சின் கொதித்து நின்றது.

சாரதி செபமாலை சாக்கை வைத்து ரேடியேற்றர் மூடியைத் திறந்தான். ஆவி வரவில்லை. உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை.

"விடியத்தான் நிரப்பினனான், ஐயா."

விசிறிப் பெல்ற் இறுக்கமாக இருந்தது. குழாய்களைத் தடவினான், ஈரமில்லை. எண்ணெயிலும் தண்ணீர் கலக்கவில்லை. சூடு ஆறவிட்டு, கொண்டுவந்த இரண்டு தகரத் தண்ணீரையும் ஊற்றினான்.

உள்ளிருந்து சத்தம் கேட்டது. மடக்கு. மடக்கு. மடக்கு.

மறுபடி வறட்சி.

"இது ஒழுக்கில்லை, ஐயா," என்று கிசுகிசுத்தான். "ஆரோ குடிக்கினம்."

முந்தின மாதம் எங்கள் தோட்டக் கூலி கதிரி, கிணற்றடியில் கையேந்தி நின்றாள். அவளுடைய சாதியார் எங்கள் கிணற்றில் அள்ளுவதில்லை. நாங்கள்தான் அள்ளி ஊற்றுவோம். அதற்கு முதல் நாள் அவள் எங்கள் வாளியைத் தொட்டிருந்தாள். ஆகவே ஒருவரும் ஊற்றக்கூடாது என்றேன். பொழுது சாயுமுன் அங்கேயே விழுந்து செத்தாள்.

"அப்பு... தண்ணி..." என்றாள் இராசமலர்.

தெருவோரத்துக் கிணறு கதிரியின் சனத்துடையது. அங்கிருந்து ஒரு கிழவி நிறைவாளியோடு வந்தாள்.

"பிள்ளைக்குக் குடுங்கோ, நயினார்."

செபமாலை கையை நீட்டினான்.

"தொடாதை! எங்கடை பிள்ளைக்கும் லொறிக்கும் உவையின்ரை தண்ணியோ?"

"பிள்ளை சாகுதெல்லோ, ஐயா!"

"சுன்னாகத்திலை எங்கடை ஆக்களிட்டை வாங்கிக்கொண்டு வா. ஓடு!"

ஓடினான். அவன் திரும்புமுன் என் மகள் அடங்கிவிட்டாள்.

அன்று எங்கள் குடும்ப மானம் தப்பியது. இன்றும் அதையே சொல்வேன்.

மாட்டு வண்டியில் உடலைக் கொண்டுவந்தோம். பெண்கள் மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டினார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர், குடம் குடமாக உள்ளே போயிற்று. மறைப்புக்கு வெளியே ஒரு துளியும் வழிந்து வரவில்லை.

ஏழாவது குடத்துக்குப் பிறகு என் மனைவி பத்மாவதியின் குரல் கேட்டது.

"இன்னும் கொண்டுவாங்கோ. பிள்ளையின்ரை தலைமயிர்கூட நனையேல்லை."