சுவரில் இரண்டு தட்டு

அந்த வீட்டில் பால் திரிந்துபோனதற்கு ஒரு பாட்டுதான் காரணம்.

பாட்டு ஹெட்போனுடையது. ஹெட்போன் என்பது ஒரு பெண்ணின் பட்டப்பெயர். புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அவள் பையிலிருந்து ஹெட்போனின் வயர் வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "ஏய் ஹெட்போன், கொஞ்சம் தள்ளு" என்றான் ஒருவன். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. அந்த வகுப்பில் அவளிடம் வேறு யாரும் எதுவும் பேசியதில்லை. பட்டப்பெயராவது கிடைத்ததே என்று இருந்தது.

பள்ளி விட்டு வந்தால் வீட்டிலும் யாரும் இருக்கமாட்டார்கள். அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் மெக்கானிக் வேலை. போனில் பேசினால் பாதி வார்த்தைகளைக் கடல் சாப்பிட்டுவிடும். அம்மாவுக்கு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலை. "ஒரே நிமிஷம், வலிக்காது" என்று நாள் முழுக்க நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் எதற்கெடுத்தாலும் அதையே சொல்வாள். தலை வாரும்போது சொல்வாள். கணக்குப் பரீட்சைக்கு அனுப்பும்போதும் சொல்வாள்.

அம்மா வருவதற்குள் இருட்டிவிடும். அதுவரை ஹெட்போனுக்குத் துணை கீபோர்டு மட்டும்தான்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துதான் அவளுடைய ஸ்டூடியோ. மேலே போர்வையைக் கூரையாகப் போட்டிருந்தாள். அம்மாவின் பழைய செல்போன்தான் மைக். அதற்கு அப்பாவின் ஒற்றைச் சாக்ஸை மாட்டிவிட்டால் மூச்சுச் சத்தம் பதிவாகாது. சாக்ஸைத் துவைத்துவிட்டுத்தான் மாட்டினாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பதிவு தொடங்கும் முன் ஃபேனை நிறுத்துவாள். மாடிக்கு நேர்கீழே பஸ் நிறுத்தம், அதனால் ஜன்னலை இறுக்கிச் சாத்துவாள். அப்புறம் ஃபிரிட்ஜை அணைப்பாள். அதைத் திரும்பப் போடத்தான் மறந்துவிட்டாள்.

"ஃபிரிட்ஜை எதுக்குடி அணைச்சே?" என்று பால் பாத்திரத்தோடு வந்து நின்றாள் அம்மா.

"பாட்டுல உர்ர்னு கேக்குதும்மா."

"ஃபிரிட்ஜ் உர்ர்னுதான் சொல்லும். பின்ன என்ன, வணக்கம்னா சொல்லும்?"

ஹெட்போனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. அம்மாவிடம் சொல்ல அவளிடம் வேறொரு விஷயம் இருந்தது. சொல்லவும் பயமாக இருந்தது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"அம்மா, பக்கத்து வீட்டுல சுவரைத் தட்டுறாங்க."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "எப்போ?"

"நான் வாசிக்கும்போது. தினமும். டொக் டொக்குனு ரெண்டு தட்டு."

போன வீட்டில் மேல்மாடிக்காரர் இப்படித்தான் சத்தம், சத்தம் என்று புகார் சொன்னார். கடைசியில் வீட்டையே காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. இந்த வீடு கிடைக்க அம்மா எத்தனை படி ஏறி இறங்கினாள் என்பது ஹெட்போனுக்கும் தெரியும்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையைக் கோதினாள். "ஞாயித்துக்கிழமை சித்தி வர்றா. கீபோர்டை எடுத்துட்டுப் போகச் சொல்றேன். கொஞ்ச நாளைக்குத்தான், குட்டி. வலிக்காது."

இந்தத் தடவை நன்றாகவே வலித்தது.

மறுநாள் சனிக்கிழமை. அம்மாவுக்கு அன்றும் வேலை. கீபோர்டு போவதற்குள் பாட்டை ஒரு முறையாவது முழுதாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஹெட்போன் நினைத்தாள். அது அவளே கட்டிய பாட்டு. நடுவில் ஓர் இடத்தில் விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எப்போதும் அங்கேதான் தடுமாறுவாள். அந்தக் கணத்தில் டொக் டொக் வந்துவிடும். பயந்துபோய்க் கீபோர்டை மூடிவிடுவாள். அப்புறம் பதிவிலிருந்து அந்தத் தட்டலை வெட்டி எறிந்துவிட்டு, அரைப் பாட்டை மட்டும் இணையத்தில் ஏற்றுவாள்.

இதுவரை அதைக் கேட்டவர்கள் என்று அங்கே ஒரே ஓர் ஆளைத்தான் காட்டியது. அந்த ஆளும் அவளேதான். சரியாக ஏறிவிட்டதா என்று பார்ப்பதற்காகக் கேட்டது.

அன்று ஃபிரிட்ஜை அணைக்க மனம் வரவில்லை. அதன் சத்தம் பதிவில் வராமல் இருக்க என்ன வழி என்று இணையத்தில் தேடினாள். வழி கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு விசித்திரமான பக்கம் கிடைத்தது.

யாரோ ஒருவர் போகிற வீடுகளிலெல்லாம் ஃபிரிட்ஜ் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறிப்பு. "மாமனார் வீட்டு ஃபிரிட்ஜ். கொஞ்சம் கோபக்காரர்." "பல் மருத்துவரின் ஃபிரிட்ஜ். பயந்த மாதிரி நடுங்கும்." "நண்பன் வீட்டு ஃபிரிட்ஜ். உள்ளே ஒன்றுமே இல்லாததால் எதிரொலிக்கிறது."

ஹெட்போன் வாய்விட்டுச் சிரித்தாள். கேட்பதற்கு ஆளில்லாத வீட்டில் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. அந்த ஃபிரிட்ஜ்களை ஏகப்பட்ட பேர் கேட்டிருந்தார்கள். ஒரு ஃபிரிட்ஜுக்கு இருக்கிற மதிப்புகூட நமக்கில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. "எதையும் வெட்டவில்லை. வெட்டினால் அந்த வீடு போய்விடும்."

அவள் அதை இன்னொரு முறை படித்தாள். பிறகு செல்போனில் தன் பழைய பதிவுகளைத் திறந்தாள். வெட்டாத பதிவுகளும் அதில் அப்படியே இருந்தன. வெட்டி எறிவதற்கு அவசரப்பட்டாளே தவிர, அவள் அந்தத் தட்டலை ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

திரையில் சத்தம் மலை மலையாகத் தெரியும். பாட்டு ஓடும் இடமெல்லாம் மலை. பாட்டு நின்ற இடத்தில் தட்டையான கோடு. அந்தக் கோட்டின் மேல், கொஞ்சம் தள்ளி, குட்டியாக இரண்டு மேடு.

அடுத்த பதிவைப் பார்த்தாள். மலை, கோடு, இரண்டு மேடு. அதற்கு முந்தைய பதிவிலும் அதே கதை.

தட்டலைக் கேட்டுத்தான் தான் நிறுத்துவதாக அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பதிவு வேறு மாதிரி சொன்னது. விரல் தடுக்கி அவள் முதலில் நிறுத்தியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் தட்டியிருக்கிறார்கள்.

"சத்தம் பிடிக்காதவங்க சத்தம் கேக்கும்போதுதானே தட்டணும்?" என்று ஃபிரிட்ஜைப் பார்த்துக் கேட்டாள். "நின்ன பிறகு எதுக்குத் தட்டணும்?"

ஃபிரிட்ஜ் உர்ர் என்றது.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கீபோர்டின் முன் உட்கார்ந்தாள். சுலபமான இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினாள்.

டொக் டொக்.

மறுபடி வாசித்தாள். சுவர் அமைதியாக இருந்தது. நிறுத்தினாள்.

டொக் டொக்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்! பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. விரலை மடக்கி, மரியாதையாக, ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

டொக்.

சுவர் பேசவில்லை.

கொஞ்சம் வாசித்து நிறுத்திப் பார்த்தாள். அப்போதும் ஒன்றுமில்லை. சாயங்காலம் முழுக்கச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவர் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். வகுப்பில் யாரிடமாவது தானாகப் போய்ப் பேசினால், அவர்கள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இதுவும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தபோது அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிளம்பிவிட்டதாகச் சித்தி போன் செய்தாள்.

"அம்மா, பக்கத்து வீட்டுக்கு ஒரு தடவை போய்ட்டு வரலாமா?"

"புகார் சொல்றவங்க வாசல்ல போய் நிக்கச் சொல்றியா?"

"மன்னிப்பு கேக்கலாம்மா. அதுக்கு முன்னால இதைப் பாரேன்."

பதிவைக் காட்டினாள். ரத்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி அம்மா திரையைப் பார்த்தாள். எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு மணியை அடித்தார்கள். உள்ளே ஏதோ உருண்டது. ஏதோ விழுந்தது. "இருங்க, இருங்க, வந்துட்டே இருக்கேன்!" என்று ஒரு குரல் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது.

ஊன்றுகோலோடு ஓர் அக்கா நின்றிருந்தார். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் அம்மா.

"மன்னிச்சுக்கோங்க" என்றார் அக்காவும், அதே நேரத்தில்.

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"நாங்கதானே சத்தம் போட்டோம்?" என்றாள் அம்மா.

"நான்தானே சுவரைத் தட்டினேன்? நேத்து பாப்பா நிறுத்தச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைச்சுது. படிக்கிற பிள்ளைக்குத் தொந்தரவு கொடுத்துட்டோமேன்னு."

"நான் எங்க நிறுத்தச் சொன்னேன்?" என்றாள் ஹெட்போன்.

"ஒரு தட்டு தட்டினியே!"

"அது வணக்கம்!"

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, கட்டுப்போட்ட கால் ஆட ஆடச் சிரித்தார்.

"ஐயோ பாப்பா! நான் பஸ் கண்டக்டர். ஒரு தட்டுன்னா 'நில்லு'. ரெண்டு தட்டுன்னா 'போலாம், ரைட்'. இது ஊருக்கே தெரியுமே!"

"எனக்குத் தெரியாது. நான் ஸ்கூலுக்கு நடந்துல்ல போறேன்."

இப்போது அம்மாவும் சிரித்துவிட்டாள்.

கண்டக்டர் அக்கா அவர்களை உள்ளே உட்காரவைத்தார். ஓடுகிற பஸ்ஸில் வருடக்கணக்காக நின்றும் ஒரு நாள்கூட விழாதவர், பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்துவிட்டாராம். தம்பி காலையில் வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போவான். அப்புறம் நாள் முழுக்கப் பேச ஆளில்லை.

"நாள்பூரா கூட்டத்துக்கு நடுவுல கத்திட்டு இருந்தவ நான். இப்போ இந்த நாலு சுவர்தான். சாயங்காலம் ஆனா உன் பாட்டு வரும். எனக்குன்னு வர்ற ஒரே வண்டி அதுதான். அதுவும் பாதி வழியில நின்னுடும். எனக்கு இருப்புக் கொள்ளாது. அதான் கட்டுப்போட்ட காலாலயே சுவர்ல ரைட் கொடுப்பேன். நீ என்னடான்னா, வண்டியையே ஷெட்டுல விட்டுடுவே!"

"நேத்து நீங்க தட்டாம இருந்தது எனக்கு அழுகையா வந்துச்சு" என்றாள் ஹெட்போன்.

"எனக்கும்தான்" என்றார் அக்கா.

அம்மா போனை எடுத்துச் சித்தியை அழைத்தாள். "ஏய், எங்க வந்துட்டு இருக்கே? நீ மட்டும் வா. கீபோர்டு எங்கயும் வரல." போனை வைத்துவிட்டு மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "இதை எப்போ பிரிக்கிறாங்க? பயப்படாதீங்க. ஒரே நிமிஷம், வலிக்காது."

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் சுவரின் இரண்டு பக்கமும் வேலை நடந்தது. ஹெட்போன் தடுக்கி நின்றால் டொக் டொக். மறுபடி வாசிப்பாள். ஒரு நாள், அப்படி ஒரு டொக் டொக்குக்குப் பிறகு, விரல்கள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டன. முழுப் பாட்டையும், சுவர் கொடுத்த ரைட்டையும், ஃபிரிட்ஜின் உர்ரையும் சேர்த்து அப்படியே இணையத்தில் ஏற்றினாள். கேட்டவர்கள் எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை. சுவர் வழியாகக் கேட்பவர்களை இணையம் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கொஞ்ச நாள் நொண்டி நொண்டி நடந்து பழகிவிட்டு, அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஹெட்போன் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு புதுப் பாட்டைத் தொடங்கினாள். புதுப் பாட்டிலும் ஓர் இடத்தில் விரல்கள் சண்டை போட்டன. நின்றாள். பழக்கத்தில் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அக்காவின் கால் சரியானதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்பதும் தெரியும். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வீடு மறுபடி பெரிதாகிவிட்ட மாதிரியும் இருந்தது. செல்போன் அதுபாட்டுக்குப் பதிவு செய்துகொண்டே இருந்தது.

கீழே ஒரு பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். மூடிய ஜன்னல் வழியாக மங்கலாக ஒரு தகரச் சத்தம் கேட்டது.

டொம் டொம்.

ஹெட்போன் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். பஸ்ஸின் படியில் கண்டக்டர் அக்கா நின்றுகொண்டிருந்தார். கழுத்தை வளைத்து மாடியைப் பார்த்து, பஸ்ஸின் பக்கவாட்டில் மறுபடியும் ஓங்கித் தட்டினார்.

"என்ன பார்க்கிறே? போலாம், ரைட்!"

பஸ் கிளம்பியது. ஹெட்போன் திரும்பி வந்து, நின்ற இடத்திலிருந்து வாசித்தாள். ஜன்னலைச் சாத்தவில்லை.