முனீஸ்வரர் தலைமேல் இருந்த பாலம்

சனிக்கிழமை காலை மணி எட்டு. பாலோ ஊரின் சமூக மண்டபத்தில் மேம்பாலத்தைக் காணோம்.

நிஜப் பாலத்தை இன்னும் கட்டவில்லை. களவு போனது மாதிரிப் பாலம். மேசைமேல் ஊரின் சிறிய உருவம் அப்படியே இருந்தது: கடைத்தெரு, தண்டவாளம், செம்பனைத் தோட்டம், கட்டைவிரல் அளவில் முனீஸ்வரர் கோவில். அந்தக் கோவிலுக்கு மேலே போன பாலம் மட்டும் இல்லை. பத்து மணிக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

பாலம் கட்டும் நிறுவனத்தின் சார்பில் கூட்டத்தை நடத்த வந்த ஜெரால்டின் தன் மேலாளருக்குப் போன் போட்டார். பத்து மணிக்குள் பாலம் கிடைக்காவிட்டால் கூட்டம் ரத்து, ஊர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிட்டு வரைந்தபடியே கட்டுவோம் என்றார் அவர். ஊர் வாய் திறக்க இருந்த ஒரே வழியும் அடைபடப் பார்த்தது.

மாதிரிக் கோவிலின் வாசலில் பாதி எரிந்த சுருட்டு ஒன்று இருந்தது. பாலோவில் சுருட்டு என்றால் டெஸ்மண்ட். எதிர்ப்புக் குழுத் தலைவர், மாதா கோவில் பாடகர். பாலத்தைப் பிடுங்கி எறிவேன் என்று கடைத்தெருவில் முழங்கியவரும் அவர்தான்.

“அவரா இருக்காதுக்கா,” என்றார் மாதிரியை அமைத்த பொறியாளர் மதிவாணன், கேட்காமலேயே.

டெஸ்மண்டை வரவழைத்தார்கள். வாயில் இருந்த சுருட்டின் நுனியை அவர் துடைப்பம்போல் மென்று வைத்திருந்தார்.

“நீங்க எடுத்தீங்களா, அங்கிள்?”

“நான் ஏன்லா எடுக்கிறேன்? கூட்டத்துல பேசணும்னு புதன்கிழமையே சட்டை தேய்ச்சு வெச்சிட்டேன்.”

ஜெரால்டின் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். திருகாணித் துளைகள் சிதையாமல் சுத்தமாக இருந்தன. டெஸ்மண்டைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பாலத்தைக் குடுங்க, மதி.”

காரணத்தையும் ஜெரால்டினே சொன்னார். இந்தச் சுருட்டின் நுனி காய்ந்திருக்கிறது, பல் படவே இல்லை. யாரும் குடித்ததல்ல, சாமிக்குப் படைத்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் முனீஸ்வரர் கோவிலுக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்த தனக்கு இது தெரியாதா? மாதா கோவில் டெஸ்மண்ட் முனிக்குப் படைக்க மாட்டார். கோபக்காரன் என்றால் பாலத்தைப் பிய்த்திருப்பான். பலகைக்கு அடியில் திருகாணிகள் இருப்பது முடுக்கியவருக்குத்தான் தெரியும்.

மதிவாணன் பையிலிருந்து துண்டில் சுற்றிய பாலத்தையும் திருகாணிகளையும் எடுத்துக் கொடுத்தார்.

“சாமி தலைமேல லாரி ஓட நானே வரைஞ்சேன்க்கா. செம்பனை ஓரமா இன்னொரு வழியும் வரைஞ்சேன். அதைக் காட்டக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. மனசு கேக்கல. மன்னிப்புக் கேட்டுத்தான் சுருட்டு வெச்சேன்.”

ஜெரால்டினுக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பாசம் வந்தது.

“சாமிகிட்ட சொல்லிட்டீங்க. ஊர்கிட்ட யாரு சொல்றது? திருகாணி போட்டு முடுக்கி வெச்ச பாலத்தைக் காட்டி எங்க வேணும்னு கேட்டா யாரு பேசுவாங்க?”

பத்து மணிக்கு மண்டபம் நிரம்பியது. வேலை போனாலும் போகட்டும் என்று மதிவாணன் இரண்டாவது வழியைச் சொன்னார். பிறகு பாலத்தை டெஸ்மண்டின் கையில் கொடுத்தார். பிடுங்கி எறிவேன் என்றவர், தேய்த்த சட்டையோடு, அதை இரண்டு கையாலும் வாங்கிச் செம்பனை ஓரத்தில் மெல்ல வைத்தார். அப்புறம் ஊரே பேச ஆரம்பித்தது.

மேலாளர் போனில் வந்தார். பாலம் கிடைத்ததா?

“கிடைச்சிருச்சு, சார்,” என்றார் ஜெரால்டின். “திருகாணிதான் கிடைக்கல.”

அவை அவருடைய கைப்பையில் இருந்தன.