கிளையில் தொங்காத தாடி

சிறு விமானம் ஏரியில் இறங்கிக் கரையோரம் வந்து நின்றது. கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது வேட்டைக்கு வந்த கென்ட் இல்லை, அவருடைய சென்ட் வாசனைதான். கரையில் காத்திருந்த அல்போன்ஸ் அடுத்தடுத்துத் தும்மினார்.

"சார், இந்த வாசனைக்கு மூஸ் வராது. பொண்ணு வீட்டுக்காரங்க வேணா வருவாங்க."

கனடாவின் வடக்கு ஸஸ்காட்சுவன் காட்டில், அந்த ஏரிக்கரை மரக்குடிலை வைத்துதான் க்ரீ பழங்குடிக்காரரான அல்போன்ஸின் பிழைப்பு. இலையுதிர் காலத்தில் வேட்டைக்கு வருகிறவர்களைக் கூட்டிப்போவார். மனைவி ரோசலி சமைப்பாள். மூஸ் என்கிற அந்த ராட்சத மான் விழுந்தால் தலை விருந்தாளிக்கு, இறைச்சி இவர்களுக்கு. இத்தனை வருஷத்தில் ஒரு விருந்தாளியைக்கூட அவர் காட்டில் தொலைத்ததில்லை. ஒருவர் பல்செட்டைத் தொலைத்தார். அது கணக்கில் சேராது.

மறுநாள் காலை இருவரும் படகில் எதிர்க்கரைக்குப் போனார்கள். பருவம் வந்த ஆண் மூஸ் குழி பறித்து, அதிலேயே மூத்திரம் பெய்து, அதிலேயே புரளும். அப்படி ஒரு குழியிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளி, அல்போன்ஸ் கென்டின் சட்டையில் பூசினார். கென்ட் ஓங்கரித்தார்.

"இதான் எங்க ஊரு சென்ட்," என்றார் அல்போன்ஸ்.

பிறகு மரப்பட்டைக் குழலை வாயில் வைத்துப் பெண் மூஸைப் போல நீளமாக முனகினார். நடுவில் வழக்கமான இருமல் ஒன்று வந்து தொலைத்தது. அடுத்து ஒரு தகர டப்பாவில் தண்ணீர் மொண்டு, முழங்கால் உயரத்திலிருந்து ஏரியில் ஊற்றினார். பெண் மூஸ் தண்ணீரில் நின்று மூத்திரம் போகிற சத்தம். எந்த ஆணும் இதற்குத் தப்பியதில்லை.

"பேரன் எடுத்த வயசுல நான் பாக்கிற உத்தியோகத்தைப் பாருங்க சார்."

எதிரே புதர் அசைந்தது. "ஊம்" என்றபடி, வீட்டுக் கதவு அகலத்துக்குக் கொம்புடன் ஒன்று வெளியே வந்தது. கென்ட் ஒரே குண்டில் சாய்த்தார்.

துடிப்பு அடங்கியதும், அல்போன்ஸ் மூஸின் கழுத்தடியில் தொங்கும் மயிரடர்ந்த அலைதாடியில் கத்தியை வைத்தார். விழுந்த இடத்திலேயே அதை மரக்கிளையில் கட்டிவிட்டுத்தான் இறைச்சியைத் தொட வேண்டும். அதன் மூச்சு காட்டுக்குத் திரும்பிப்போக அதுதான் வழி.

"அதை வெட்டாதீங்க," என்றார் கென்ட். "தலையைப் பாடம் பண்றவர் தாடி முழுசா வேணும்னு சொல்லியிருக்கார்."

"அது மட்டும் முடியாது சார்."

"எங்கப்பா சாகும்போது சுவத்துல மூஸ் தலைக்கு இடம் காட்டிட்டுப் போனாரு, அல்போன்ஸ். அவர் வாழ்க்கையில ஒரு மூஸைக்கூடப் பார்த்ததில்லை."

யாருடைய அப்பா செத்தாலும் அழுகிற கண்கள் அல்போன்ஸுக்கு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கத்தியை மடக்கினார்.

குடிலுக்கு வந்ததும் ரோசலி கேட்ட முதல் கேள்வி, "தாடியைக் கட்டிட்டியா?"

"கட்டியாச்சு," என்றார் அல்போன்ஸ்.

சாயங்காலம் ரோசலி மூஸின் மூக்கை வேகவைத்துப் பரிமாறினாள். மயிரைப் பொசுக்கி, சுரண்டி, கழுவி வேகவைத்தது. கொழகொழவென்று வாயில் கரையும். அல்போன்ஸ் இரண்டு துண்டை விழுங்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

கென்ட் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மயிர். கறுப்பாக, ஈரமாக. இழுத்தார், வந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. நுனி தொண்டைக்கு உள்ளே எங்கோ இருந்தது.

பாத்திரத்திலிருந்து காலையில் சட்டையில் பூசிய அதே நாற்றம் எழுந்தது.

ரோசலி எழுந்துபோய், வெளியே தொங்கிய இறைச்சியைப் பார்த்தாள். மேலே வெள்ளையாக உறைபனி. விரலால் சுரண்டினாள். உறைபனிக்கு அடியில் புழுக்கள், வெந்த சோற்றுப் பருக்கைகளைப் போல, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெளிந்தன. ஈயெல்லாம் செத்து ஒழிந்த குளிரில்.

உள்ளே வந்து கணவனைப் பார்த்தாள்.

"நீ கட்டலை."

"ரோசலி, அவரோட அப்பா..."

"அவங்கப்பனுக்கு மூஸோட தொண்டை எதுக்குய்யா? அது இப்போ வேற தொண்டையைத் தேடும்."

ஏரிப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

அல்போன்ஸ் அலமாரியைப் பார்த்தார். தகர டப்பா அங்கேதான் இருந்தது.

அடுத்து அந்த நீள முனகல். குழல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முனகலின் நடுவே ஒரு இருமல்.

அவருடைய இருமல்.

கென்ட் எழுந்தார். கடைவாயில் மயிர் தொங்க, வெறுங்காலோடு கதவைத் திறந்தார்.

"ஊம்," என்றார்.

அல்போன்ஸ் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்தார். பொம்மையைப் போல இழுபட்டுப் போனார். கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

பிடியை விட்டு, மூஸ் தலையைப் போட்டிருந்த கொட்டகைக்கு ஓடினார். அறுத்துப் பகல் முழுக்கக் குளிரில் கிடந்த தலை. அலைதாடியைப் பற்றினார். சூடாக இருந்தது. அவர் கைக்குள் அது மேலும் கீழும் ஒரு முறை ஏறி இறங்கியது, எச்சில் விழுங்குவதுபோல.

கண்ணை மூடிக்கொண்டு அறுத்தார். விழுந்த இடம் ஏரிக்கு அந்தப் பக்கம், படகெடுக்க நேரமில்லை. கைக்கு எட்டிய முதல் மரத்தில் கட்டினார்.

"தப்பு என்னுதுதான், பெரியவரே," என்று மூஸிடம் முணுமுணுத்தார். "விருந்தாளியை விட்டுடுங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

இடுப்பளவு ஏரியில் நின்ற கென்ட் குனிந்து வாந்தியெடுத்தார். கைப்பிடியளவு கறுத்த மயிர்ப் பந்து மிதந்து, மெல்லச் சுழன்று, மூழ்கியது. அல்போன்ஸ் அவரைத் தோளில் சாய்த்துக் கரையேற்றினார்.

மறுநாள் கென்ட் தலையை எடுத்துப்போகவில்லை. "சுவத்துல கடிகாரம் மாட்டிக்கிறேன்," என்றார். அல்போன்ஸ் சிரித்தார். இந்த முறையும் யாரையும் தொலைக்கவில்லை.

தலையையும் இறைச்சியையும் எதிர்க்கரையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அலைதாடியையும் அங்கே மாற்றிக் கட்டலாம் என்று மரத்தடிக்குப் போனால், கயிறு மட்டும் முடிச்சு அவிழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நரி," என்றார் அல்போன்ஸ். ரோசலி அவிழாத முடிச்சைக் காட்டினாள்.

ஜனவரி. உறைந்த ஏரியின் மேல் லாரி ஓடுகிற காலம். துப்பினால் தரையில் விழுமுன் கட்டியாகும். ஊரில், தன் வீட்டு அடுப்படியில் நண்பகலில் உட்கார்ந்து அல்போன்ஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். முழங்கால் உயரத்திலிருந்து, நிதானமாக.

"யோவ்," என்றாள் ரோசலி. "செருப்பு இல்லாம எங்கே கிளம்பிட்டே?"

அப்போதுதான் தன் கை கதவுத் தாழ்ப்பாளின் மேல் இருப்பதை அவர் பார்த்தார். ஏதாவது கேலியாகச் சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தார்.

அடிநாக்கில் ஈரமாக ஒரு மயிர் நெருடியது.